ஐஸ் வைக்கக் கூடாத பெட்டி

2008-ஆம் வருடம், ஓணத்துக்கு முந்தைய வாரம் நடந்தது இது. தக்கலைக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சிறப்புப் பள்ளியில் எங்கள் சின்னவள் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. டவுன் சிண்ட்ரோம் என்று பிறந்த மறுநாளே டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்களைவிட ஒரு குரோமோசோம் கூடுதல், அவ்வளவுதான் என்றார். அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயிற்று.

நாங்கள் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரர்கள். என் வீட்டுக்காரர் சின்ன வயதில் கடலுக்குப் போனவர். பிறகு மீன் வியாபாரத்துக்கு வந்துவிட்டார். குளச்சலில் ஏலம் எடுத்து, டெம்போவில் ஏற்றி, தக்கலை சந்தைக்கும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் கொடுப்பார். மீனில் அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. தன் கையால் ஐஸ் போட்ட மீன் கெட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை என்பார். அது உண்மைதான். ஐஸை எவ்வளவு பொடிக்க வேண்டும், எந்த மீனுக்கு அடியில் எவ்வளவு, மேலே எவ்வளவு என்று அவர் பேச ஆரம்பித்தால் நான் அடுக்களைக்குப் போய்விடுவேன்.

ஐஸிலேயே கிடப்பதால் அவர் கைகள் எப்போதும் சில்லென்று இருக்கும். அது எங்கள் சின்னவளுக்கு ஒரு விளையாட்டு. பள்ளிக்கூடம் அவளுக்குக் காலை நேரம் மட்டும்தான், மத்தியானம் டெம்போ சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுவாள். அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னங்களில் வைத்து, "ஐஸ்!" என்று கத்திவிட்டு, உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பாள். அவள் தெளிவாகச் சொல்லும் சொற்கள் அப்போது கொஞ்சம்தான். அதில் 'ஐஸ்' ஒன்று. மீன் வாடையோடு நிற்கும் அந்த மனிதரும் வெயிலில் அப்படியே குனிந்து நிற்பார். சோறு ஆறுகிறது என்று நான் உள்ளேயிருந்து கத்தினாலும் இரண்டு பேருக்கும் காது கேட்காது.

அந்தப் பள்ளிக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார். நாகர்கோவில்காரர், வெளியூரில் படித்து ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பவர். பெற்றோரையெல்லாம் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசினார். நம் ரத்தத்தில் தட்டு மாதிரி மிகச் சின்ன அணுக்கள் இருக்கின்றனவாம். தட்டணுக்கள் என்றார். காயம் பட்டால் ஓடி வந்து அடைப்பவை அவைதான். அவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. செரோட்டோனின் என்ற ஒரு பொருளை உள்ளே இழுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். தூக்கம், பசி, மனநிலை எல்லாவற்றிலும் அந்தப் பொருளுக்குப் பங்கு இருக்கிறது. நம் பிள்ளைகளின் ரத்தத்தில் அது குறைவாக இருப்பதை ஏற்கெனவே பலர் கவனித்திருக்கிறார்கள். ஏன் குறைகிறது, அணுக்களால் அதை இழுக்க முடியவில்லையா, இழுத்ததை வைத்துக்கொள்ள முடியவில்லையா என்று பார்க்கவே ரத்தம் கேட்கிறேன் என்றார்.

மூளையைத் திறந்து பார்க்க முடியாது. நரம்புகள் அந்தப் பொருளைக் கையாளும் விதமும் இந்தத் தட்டணுக்கள் கையாளும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால்தான் ரத்தத்தில் தேடுகிறோம் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகப் பிடித்தது. நான் பத்தாவது வரை படித்தவள். தையல் மெஷினில் காலம் தள்ளுகிறவள். ஆனாலும் அது எனக்குப் புரிந்தது. மருந்து வருமா என்று கேட்டேன். வராது, அந்தப் பொருளைக் கூட்ட மருந்து கொடுத்தும் முன்பே வேறு தேசத்தில் பார்த்திருக்கிறார்கள், நினைத்த பலன் இல்லை, உங்கள் மகளுக்கு இதனால் நேரடியாக ஒரு லாபமும் கிடையாது, இஷ்டம் இருந்தால் மட்டும் தாருங்கள் என்றார். இவ்வளவு உண்மையை ஒரு டாக்டர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதே இல்லை.

ஒத்துக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. சின்னவள் பிறந்ததிலிருந்து ஊரில் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாய், அந்த மாத்திரையைத் தின்றாய், உன் அம்மா வழியில் ஒரு மாமா இப்படித்தான் இருந்தார் என்று விதவிதமான பதில்கள். முதன்முறையாக ஒருத்தர் பதிலோடு வராமல் கேள்வியோடு வந்தார். அது எனக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றியது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே வீட்டில் வளரும் இன்னொரு பிள்ளையின் ரத்தமும் வேண்டும் என்றதால் பெரியவளையும் சேர்த்துக்கொண்டோம். அந்தச் சில நாட்கள் வாழைப்பழம் மட்டும் கொடுக்காதீர்கள் என்றார் டாக்டர். வாழைப்பழத்திலும் அந்தப் பொருள் இருக்கிறதாம். ஓணச் சந்தைக்கு ஏத்தன் வாழைக்குலை வண்டி வண்டியாக வந்து இறங்கும் வாரத்தில், பழம் இல்லாமல் புட்டு தின்ன மாட்டேன் என்று அடம்பிடிக்கும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. வீட்டுக்காரர் சந்தையில் மீனை இறக்கிவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து இன்னும் சில குடும்பங்களும் வந்திருந்தன. பெரியவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கொடுத்துவிட்டாள். சின்னவள் முறை வந்ததும் நாற்காலியைப் பார்த்தே பின்வாங்கினாள். வீட்டுக்காரர் அவளைத் தூக்கி மடியில் வைத்து, அசையாமல் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தால் வலை இழுக்கும் பிடி. நரம்பு கிடைக்கவில்லை. மாற்றிக் குத்தினார்கள், அப்போதும் இல்லை. அவள் அலறினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து அலறினாள். கடைசியில் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் அவரைப் பார்த்த அந்தப் பார்வையை நான் பார்த்துவிட்டேன். நீயா என்பதுபோல ஒரு பார்வை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த ரத்தக் குழாய்கள் சீக்கிரம் நாகர்கோவிலுக்குப் போயாக வேண்டும். அங்கே ஒரு லேபில், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தோடு டாக்டரின் உதவியாளர் காத்திருந்தார். நேரம் போகப் போக அணுக்கள் சோர்ந்துவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். பார்த்தால் அவர் வந்த வாடகைக் கார் கிளம்ப மறுக்கிறது. இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்ததால் அவராலும் நகர முடியவில்லை. என் வீட்டுக்காரர் முன்னே போய், நான் கொண்டு கொடுக்கிறேன் என்றார். கொஞ்சம் சுற்றுதான் என்றாலும் அந்த வழியாகவும் நாங்கள் ஊர் திரும்பலாம். டாக்டருக்கு உயிர் வந்தது. "வெயில் படாம, அதிகம் குலுங்காமப் பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று பெட்டியைக் கொடுத்தார்.

அது ஒரு தெர்மோகோல் பெட்டி. எங்கள் வீட்டில் மீனுக்கு அடுக்கி வைத்திருப்பதும் அதே மாதிரிப் பெட்டிதான், இது கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். டெம்போ பக்கம் போனதும் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். குழாய்கள் பஞ்சுக்குள் நின்றன. வேறொன்றும் இல்லை.

"ஐஸ் இல்லாத பெட்டியா! பாவம், கார் கெளம்பாத வெப்ராளத்துல டாக்டரம்மா மறந்து போயிருப்பாவ" என்றார்.

டெம்போவில் மிச்ச ஐஸ் இருந்தது. அதில் மீன் படாத சுத்தமான கட்டியாகத் தேடி எடுத்து, பொடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழாய்களைச் சுற்றி அவர் வைத்த அழகு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. விலை கூடின நெய்மீனுக்குக்கூட அவர் அவ்வளவு பார்த்து வைத்ததில்லை. தன் பிள்ளையின் ரத்தம் அல்லவா! நானும் பக்கத்தில் நின்று, இங்கே இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று யோசனை சொன்னேன். கடற்கரையில் பிறந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? வெயில் படக் கூடாது, கெட்டுப் போகக் கூடாது என்றால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

வில்லுக்குறி, சுங்கான்கடை என்று டெம்போ பறந்தது. லேபில் உதவியாளர் ஓடி வந்து வாங்கினார். மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். யார் ஐஸ் வைத்தது என்று மெதுவாகக் கேட்டார். நாந்தான் என்று வீட்டுக்காரர் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். அந்தப் பெருமை அவர் முகத்திலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

தட்டணுக்களுக்குக் குளிர் ஆகாதாம். நாம் சாதாரணமாக அறையில் உட்கார்ந்திருக்கும் சூடே அவற்றுக்குப் போதும். ஐஸ் பட்டால் தட்டாக இருப்பவை முள் முள்ளாக உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உள்ளே வைத்திருப்பதையும் வெளியே விட்டுவிடும். அந்தப் பொருளை எப்படி வைத்துக்கொள்கின்றன என்று பார்ப்பதுதான் சோதனையே. அன்றைக்குப் பெட்டியில் இருந்த எந்தப் பிள்ளையின் ரத்தமும் இனி உதவாது என்றார் அவர். வீட்டுக்காரர் மூடியையும் குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கெட்டுப் போச்சா?" என்று மட்டும் கேட்டார். தன் வாழ்நாளில் ஐஸ் வைத்த ஒன்றைப் பற்றி அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மத்தியானம் டெம்போ சத்தம் கேட்டது. சின்னவள் வாசலுக்கு ஓடவில்லை. அவர் உள்ளே வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் என் சேலைக்குப் பின்னால் போய், குத்திய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் லுங்கியில் துடைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். ரத்தம் போனதுகூட அவருக்குப் பெரிதாக இல்லை. பிள்ளையை அமுக்கிப் பிடித்து அழ வைத்தது எதற்கும் உதவாமல் போய்விட்டது, அவளும் தன்னைவிட்டுப் போய்விட்டாள் என்பதுதான் அந்த மனிதரை அரித்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது.

பள்ளியில் பெற்றோரை மறுபடி கூப்பிட்டார்கள். டாக்டர் எழுந்து, கொண்டுபோன வழியில் ரத்தம் வீணாகிவிட்டது, எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று சரியாகச் சொல்லாதது என் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் பெயரையே எடுக்கவில்லை. எங்கள் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குக் கோபம் பொங்கிவிட்டது. தலைச்சுமையாக மீன் விற்று மகனை வளர்ப்பவர் அவர். "அப்பம் எங்க பிள்ளையளக் குத்துனது வெறுதேயா? அவன் ராத்திரியெல்லாம் தேம்பினானே, அதுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று கத்தினார். டாக்டர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

கடைசி வரிசையிலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அவர் உட்காரவில்லை.

"டாக்டரம்மா எனக்காகச் சொல்லுதாவ. அவிய மேல தப்பு இல்ல. பெட்டியில ஐஸ் போட்டது நானாக்கும்" என்றார்.

அந்த மீன்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். நான் நல்ல வசவுக்குத் தயாராகிவிட்டேன். ஆனால் அவர் முகம் மெல்ல மாறியது. "ஐஸா?" என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பி, "நானா இருந்தா அதுக்க மேல ரெண்டு பிடி உப்பும் அள்ளிப் போட்டிருப்பேன்!" என்றார். முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் மட்டும் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடியும் ரத்தம் தர இஷ்டம் உள்ளவர்கள் மட்டும் பிறகு சொன்னால் போதும் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் வழியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எனக்க பிள்ளைய இனி ஒருத்தரும் குத்தாண்டாம் கேட்டியா ஏட்டி." நான் விடவில்லை. நம் பிள்ளையைப் பற்றி இப்போதுதான் ஒருத்தர் அக்கறையாகக் கேட்கிறார், அதையும் பாதியில் விடவா என்று சண்டை போட்டேன். அவர் பக்கமும் நியாயம் இருந்தது, என் பக்கமும் இருந்தது. அதனால் சண்டை முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் டாக்டரே வந்து நின்றார். சின்னவளைப் பார்க்க வந்தேன் என்றார். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தார். சாப்பிட்டு முடித்து, சின்னவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பையிலிருந்து கையில் கட்டும் அந்த ரப்பர் பட்டையை எடுத்துத் தன் கையில் கட்டிக் காட்டினார். நரம்பு புடைத்ததை அவளைத் தொட்டுப் பார்க்கவிட்டார். பிறகு ஒரு பெரிய மனுஷியிடம் கேட்பது மாதிரி, நேராக அவள் முகத்தைப் பார்த்து, "இன்னொரு தடவை உன் கையில ஊசி போடட்டா?" என்று கேட்டார்.

சின்னவள் யோசித்தாள். "வேண்டாம்" என்றாள்.

"சரி" என்றார் டாக்டர். பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அவ்வளவுதான். மிட்டாய் தருகிறேன் என்று சொல்லவில்லை, என்னைப் பார்த்துக் கண் காட்டவில்லை, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கவும் இல்லை. கதை பேசினார், பெரியவளின் படிப்பை விசாரித்தார்.

சின்னவள் அதற்கு முன் எத்தனையோ வேண்டாம் சொல்லியிருக்கிறாள். தலை வார வேண்டாம், அந்தச் சட்டை வேண்டாம், அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றெல்லாம். அவளுக்கு என்ன தெரியும் என்று நாங்கள் பாட்டுக்கு நல்லது செய்துகொண்டே இருந்தோம். அவள் சொன்ன ஒரு வேண்டாமுக்கு 'சரி' என்று ஒருவர் பதில் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். சின்னவளும் அதைக் கவனித்திருக்க வேண்டும். டாக்டரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது டாக்டர் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து விடைபெற்றார். பிடித்த கையைச் சட்டென்று திருப்பிப் பார்த்து, அன்றைக்கு நீங்கள்தானே அவள் கையைப் பிடித்திருந்தீர்கள், கை இவ்வளவு குளிர்ந்திருந்தால் பிள்ளையின் நரம்பு சுருங்கித்தான் போகும், அதனால்தான் கிடைக்காமல் திண்டாடினோம் போலிருக்கிறது என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது, கணக்கு ஒன்றுக்கு விடை கிடைத்த மாதிரி சொன்னார். வீட்டுக்காரர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மத்தியானம் டெம்போ சத்தம் கேட்டது. மனிதர் வாசலுக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தால் கிணற்றடியில் நிற்கிறார். "ஏட்டி, இத்திரி வெந்நி கொண்டா" என்றார். ஒரு பேசினில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு கைகளையும் அதற்குள் விட்டு, குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துவிட்டு வந்து சாப்பிட்டார். சின்னவளைக் கூப்பிடவில்லை, கையையும் நீட்டவில்லை. தினமும் இது நடந்தது. சந்தையில் இதைச் சொல்லியிருந்தால் அவரைக் கேலி பண்ணியே கொன்றிருப்பார்கள்.

சின்னவள் முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு கதவடியில் வந்து நின்று பார்த்தாள். ஒருநாள் கிணற்றடிக்கே போய், அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் அதே வெந்நீருக்குள் விட்டாள். அவர் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் தண்ணீரை அளைந்துவிட்டு, அவர் கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ஐஸ் இல்ல" என்றாள். ஏதோ ஏமாந்தது மாதிரி சொல்லிவிட்டு, பிறகு சிரித்தாள். நான் அடுக்களையில் நின்று நன்றாக அழுது தீர்த்தேன்.

மற்ற பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கும் நாள் வந்தபோது பெரியவளை மட்டும்தான் கொடுக்கக் கூட்டிப் போனோம், மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட அவள் ரத்தம் மட்டும்கூட உதவும் என்றிருந்தார் டாக்டர். சின்னவள் பள்ளிக்கு வந்தவள், எங்களோடு நின்றாள். அந்த மீன்காரம்மாவும் மகனோடு வந்திருந்தார். பெரியவள் கொடுத்துவிட்டு எழுந்ததும், யாரும் எதிர்பாராமல் சின்னவள் போய் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். சட்டைக் கையை மேலே தள்ளினாள். டாக்டர் அவள் முன் குனிந்து, ஊசி போடட்டா என்று முன்பு கேட்ட மாதிரியே கேட்டார். அவள் தலையாட்டினாள். பிறகு கூட்டத்தில் தேடி, "அப்பா பிடி" என்றாள்.

வீட்டுக்காரர் ஓடினார், நாற்காலிப் பக்கம் இல்லை, பள்ளிச் சமையலறைப் பக்கம். இரண்டு கையும் சிவக்கச் சிவக்க வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் கையைத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். இந்தத் தடவை வலைப் பிடி இல்லை. இழுத்தால் வந்துவிடும்படியான ஒரு பிடி. ஊசி இறங்கியபோது அவள் அழுதாள். அழத்தான் செய்வாள், வலிக்கும் அல்லவா? ஆனால் கையை இழுக்கவில்லை. நரம்பு முதல் குத்திலேயே கிடைத்துவிட்டது.

அன்றைக்கு டாக்டரின் கார் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பெட்டியைத் தூக்கி என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, நீங்களே கொண்டு வாருங்கள் அண்ணாச்சி, நான் பின்னால் வருகிறேன் என்றார். அந்த ஒரு காரியத்துக்காக அந்தப் பெண்ணை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பெட்டி என் மடியில், பிள்ளைகள் இரண்டு பக்கமும். டெம்போவை அவர் ஓட்டிய வேகத்துக்குப் பேருந்துகள் எல்லாம் பின்னால் நின்று ஹாரன் அடித்தன. மீன் வண்டி இவ்வளவு பையப் போகிறதே என்று பைக்கில் போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டே போனார். ஒவ்வொரு குழிக்கும், "பெட்டியப் பிடிச்சுக்க" என்றார். பார்வதிபுரம் வருவதற்குள் அதை எத்தனை தடவை சொன்னாரோ.

லேபில் இயந்திரம் சுற்றி நின்ற பிறகு டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். குழாயில் ரத்தம் கீழே தங்கி, மேலே இளமஞ்சளாகக் கலங்கல் தண்ணீர் மாதிரி ஒன்று நின்றது. தட்டணுக்கள் இதில்தான் இருக்கின்றன என்றார். அதை மட்டும் மெதுவாக வேறு குழாய்க்கு எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, லேசாகச் சுழற்றினார். அந்த மஞ்சளுக்குள் வெள்ளி மாதிரி ஏதோ அலையலையாக மினுங்கித் திரும்பியது. அணுக்கள் நலமாக, தட்டாகவே இருந்தால்தான் இப்படி மினுங்கும், குளிர்ந்து போனவை மினுங்காது என்றார்.

வீட்டுக்காரர் கிட்டே போய்ப் பார்த்தார். கடலுக்குப் போவதை விட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. "சாளைக் கூட்டம் திரும்புன மாதிரில்லா இருக்கு" என்றார். வெயிலில் சாளை மீன் கூட்டமாகத் தண்ணீருக்கடியில் திரும்பும்போது ஒரு பளபளப்பு வரும், கடலுக்குப் போனவர்களுக்குத்தான் அது தெரியும். இது யாருடையது என்று கேட்டார். டாக்டர் குழாயில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, சின்னவளைக் காட்டினார். பெரியவளுடைய குழாயும் பக்கத்திலேயே இருந்தது. அதையும் சுழற்றினார். அதுவும் அப்படியே மினுங்கியது. இரண்டுக்கும் எங்கள் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. ஆராய்ச்சி முடிந்த பிறகு டாக்டர் திரும்பி வந்து, எங்களை உட்காரவைத்துச் சொன்னார். நம் பிள்ளைகளின் அணுக்கள் அந்தப் பொருளை உள்ளே இழுப்பதில் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கின்றன, முன்பே மற்றவர்கள் சொன்னதும் இதுதான், அது ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றார். ரத்தம் வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, தெரியவில்லை என்பதைச் சொல்வதற்காகவே ஒரு நாளைச் செலவழிப்பார்கள் என்று எங்களில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை. அந்த மீன்காரம்மா அவருக்கு ஒரு பொதி நல்ல நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டார். அதற்கு ஐஸ் தேவையில்லை என்று வேறு சொல்லிவிட்டார்.

இப்போது சின்னவள் வளர்ந்துவிட்டாள். என் தையல் கடையில் பட்டன் வைத்துக் கொடுக்கிறாள். வேகம் கிடையாது, ஆனால் அவள் வைத்த பட்டன் அறுந்து வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. அப்பாவின் கர்வம் அப்படியே அவளுக்கும் வந்திருக்கிறது. மத்தியானம் டெம்போ வந்தால் பேசினில் வெந்நீரோடு கிணற்றடிக்குப் போவது அவள்தான். சில நாள் வெந்நீர் வேண்டாம், அப்படியே கையைக் கொடு என்பாள். கன்னத்தில் வைத்து 'ஐஸ்' என்று கத்துவாள்.

அவள் ரத்தத்தில் குறைவதாகச் சொன்ன அந்தப் பொருளின் பெயர்கூட இன்னும் எனக்கு ஒழுங்காக வாயில் வருவதில்லை. ஆனால் அவள் சொன்ன 'வேண்டாம்' என்பதற்கு ஒருத்தர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் அவள் தானாகக் கையை நீட்டினாள் என்பதை, இன்றும் அவள் தலையை வாரச் சீப்பை எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு, வாரட்டா என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.